எஞ்சினைத் திறக்காத மெக்கானிக்

கரங்கானில் நல்ல மெக்கானிக் யார் என்று கேட்டால் எல்லாரும் காளிதாசனைக் காட்டுவார்கள். ஊரிலேயே பெரிய சோம்பேறி யார் என்று கேட்டாலும் அவரைத்தான் காட்டுவார்கள். இரண்டும் உண்மை. ஒன்றில்லாமல் மற்றது வந்திருக்காது. நாற்பத்தேழு வயது, இருபது வருடப் பட்டறை. ஆனாலும் எஞ்சினைத் திறப்பது என்றாலே முகம் சுருங்கிவிடும். திறக்காமல் தப்பிக்க என்ன வழி என்று மற்றவர்களைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக யோசிப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் கோளாறு அகப்பட்டுவிடும்.

காலையில் அவர் மெக்கானிக்கே அல்ல. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு ஏக்கர் ரப்பர் மரங்களில் பால் வெட்டி, அதை உறைய வைத்துவிட்டு, பத்து மணிக்குத்தான் பட்டறைக் கதவைத் தூக்குவார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கதவைத் தூக்கும்போதே வாசலில் இருளப்பனின் லாரி ஆவி விட்டுக்கொண்டு நின்றது. எண்ணெய்ப்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகும் லாரி. வயது இருபத்தொன்பது. ஓட்டுகிறவருக்கு ஐம்பத்தாறு. பக்கத்து இருக்கையில் மனைவி மருதம்மாள், ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்.

"டவுன்ல பெரிய பட்டறையில காட்டிட்டேன் தம்பி. ரேடியேட்டர் தண்ணி தே தாரிக் டீ மாதிரி வெளுத்து இருக்கு. ஹெட் கேஸ்கட் போச்சாம், ஆயிலும் தண்ணியும் கலக்குதாம். எஞ்சின எறக்கணும், சாமான் கெடைக்காதுங்கிறான்" என்றார் இருளப்பன். "பழைய இரும்புக்காரன் பன்னண்டு மணிக்கு இங்கயே வரேன்னுட்டான்."

"வித்துட்டு?"

"ஏதாச்சும் ஃபேக்டரியில ஜாகா வேல, ராத்திரிக் காவல்."

"இவரு ஜாகா! ஒன்பது மணி ஆனா குறட்டை" என்றார் மருதம்மாள். "நான்தான் தம்பி இங்க இழுத்துட்டு வந்தேன். நீயும் பாத்துச் சொல்லிடு. அப்பறம் இரும்போ, கரும்போ."

இரண்டு மணி நேரம் இருந்தது. காளிதாசன் முதலில் செய்தது, காப்பி குடித்தது.

பிறகு எஞ்சின் ஆயில் அளக்கும் கம்பியை உருவினார். அளவு குறையவில்லை. நிறம் கருப்பு, தண்ணீர் கலந்து வெளுத்த அடையாளமே இல்லை. தண்ணீருக்குள் ஆயில் போயிருந்தால், இங்கே அது குறைய வேண்டுமே? எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு லாரியைக் கிளப்பச் சொன்னார். கேஸ்கட் போயிருந்தால் தண்ணீர் குமிழியிட வேண்டும். இடவில்லை. புகைக்குழாயிலும் வெள்ளைப் புகை இல்லை. நோயாளிக்கு எல்லா வியாதியும் இருக்கிறது, அந்த ஒரு வியாதி மட்டும் இல்லை.

"அண்ணே, இதுல என்னா ஊத்துனீங்க?"

"தண்ணிதான்."

"வேற?"

"தண்ணிதான் லா, தம்பி! வேற என்னா ஊத்துவாங்க?" மனைவியைப் பார்க்காமலே சொன்னார்.

காளிதாசன் அந்த வெளுத்த தண்ணீரில் விரலைத் தோய்த்துக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். ஆயில் என்றால் வழுக்கும். இது திரிந்து, நூலாக உருண்டது. தினமும் காலையில் அவர் விரலில் உருளும் அதே நூல். முகர்ந்து பார்த்தார். பைக்கில் ஏறி வீட்டுக்குப் போய், பாலை உறைய வைக்கும் ஆசிட் பாட்டிலோடு திரும்பினார். ஒரு குவளையில் ரேடியேட்டர் தண்ணீரை மொண்டு சில சொட்டு விட்டார்.

மூன்று பேரும் குவளையையே பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் தண்ணீர் தெளிந்தது. மேலே இட்லி மாதிரி ஒன்று மிதந்தது. காளிதாசன் அதை எடுத்துப் பிழிந்து, இழுத்துவிட்டார். சுண்டிக்கொண்டு திரும்பியது.

"ரப்பரு" என்றார் மருதம்மாள். முப்பது வருடமாக அதைப் பார்த்தவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "ரேடியேட்டர்ல எப்படிய்யா பால் வந்துச்சு?"

மணி பதினொன்றே முக்கால். வாயைத் திறந்தால் மனைவியிடம் மாட்ட வேண்டும், திறக்காவிட்டால் லாரி இரும்பாகும். இருளப்பனுக்கு இதில் எது பெரிய ஆபத்து என்று முடிவெடுக்கச் சற்று நேரம் பிடித்தது.

"அடியில ஊசிமொனை ஓட்டை. சொட்டிக்கிட்டே இருந்துச்சு. மரத்துல வெட்டுன எடத்தையே பால் அடைக்குது, இத அடைக்காதான்னு... ஒன் வாளியிலேருந்து கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"அரை வாளி."

"யோவ்! அன்னைக்கு நிறுவையில அஞ்சு கிலோ கொறஞ்சுதே, கணக்கெழுதுற கிராணிப் பையனத் திருடன்னு கேட்டேனே! பால் நிறுக்கிற ஸ்டோர்ல அத்தன பேரு முன்னாடி!"

"ஆனா ஓட்டை அடைஞ்சிடுச்சு மருதம்மா" என்றார் இருளப்பன், கொஞ்சம் பெருமையோடு.

"அடைஞ்சிது அண்ணே" என்று ஒப்புக்கொண்டார் காளிதாசன். "ஓட்டைய மட்டுமில்ல, ரேடியேட்டர் முழுக்க அடைஞ்சிது. அதான் சூடு. எஞ்சின் நல்லா இருக்கு. ரேடியேட்டரக் கழட்டி, கம்பியால குத்திப் பால எடுத்து, ஓட்டைய ஈயம் வெச்சு அடைச்சுடலாம். ரெண்டு நாளு."

எஞ்சினைத் திறக்க வேண்டாம் என்ற சந்தோஷம் லாரிக்காரரைவிட அவர் முகத்தில்தான் அதிகம் தெரிந்தது.

பழைய இரும்புக்கடை முதலாளி சரியாகப் பன்னிரண்டுக்கு வந்தார். "விக்கல லா தவுக்கே, வண்டி நல்லா இருக்கு" என்று அவரிடம் சொன்னது மருதம்மாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "வண்டி வரட்டும். மொத ஓட்டம் ஸ்டோருக்கு. நீங்களே கிராணிகிட்ட சொல்லணும். அத்தன பேரு முன்னாடி."

வெள்ளிக்கிழமை காலை, ஸ்டோர் வாசலில் பால் வாளிகளோடு வரிசையில் நின்ற இருபது பேருக்கு முன்னால் லாரி வந்து நின்றது. இருளப்பன் இறங்கி, சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னார்.

கிராணிப் பையன் வெகுநேரம் சிரித்தான். "அண்ணே, அக்கா ஏசுனதுல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. தராசு ரோசாக், கெட்டுப்போச்சுன்னு எழுதி புதுசு வாங்கிட்டேன்."

வரிசை முழுக்கச் சிரித்தது. இருளப்பன் லாரியில் ஏறிப் பனைக்காட்டுப் பக்கம் திருப்பினார். வெப்பமானியின் முள் நடுவிலேயே நின்றது.