நான்கு டிகிரியில் வந்த குப்பி

என் கையெழுத்து கோழி கிண்டியது போல் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவில் நின்றால் எனக்குப் பேச வராது. பேச முடியாததால்தான் எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன், அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டில் பெண் எடுத்ததால் பிரான்சின் லியோன் நகரத்துக்குப் போனவன் நான். அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், லபோ என்பார்கள், பதினொரு வருடமாகக் கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவுகிறேன். வரும் பெட்டிகளை வாங்கிக் குளிர் அறையில் அடுக்குவதும் என் வேலை. போன புதிதில் அந்தப் பெட்டிகள்தான் எனக்கு விசித்திரமாக இருந்தன. கைக்குழந்தையைப் படுக்கவைக்கலாம், அவ்வளவு பெரிய தெர்மாகோல் பெட்டி. உள்ளே முழுக்க ஐஸ் பைகள். எல்லாவற்றையும் எடுத்துப் போட்டால் அடியில் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு குப்பி, அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர். எங்கள் மீனவக் கிராமம் வைத்திக்குப்பத்தில் ஒரு பெட்டி ஐஸில் ஒரு வீட்டின் அன்றைய மீன் முழுவதும் அடங்கிவிடும். இங்கே ஒரு சொட்டுக்கு அத்தனை ஐஸ்.

அந்தச் சொட்டை அவர்கள் ஆந்திகோர் என்பார்கள். நம் பக்கம் ஆன்டிபாடி. முதல் வாரமே ஒரு குப்பியைக் கல்லாக உறையவைக்கும் பெட்டியில் வைத்துவிட்டுத் திட்டு வாங்கினேன். மீன்காரன் புத்தி, எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது என்று நினைத்தேன். உறைந்தால் கெட்டுவிடுமாம், நான்கு டிகிரியில் இருக்க வேண்டுமாம். அதன்பிறகு ஒரு குப்பிகூட என் கையில் கெட்டதில்லை.

இது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கக் கூச்சப்பட்டே வருடங்களை ஓட்டினேன். ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, அங்கே ஆராய்ச்சி செய்யும் ஒரு வெள்ளைக்கார மதாமிடம் கேட்டேன். செல்லின் மேல்தோலில் ரிசெப்தேர் என்று ஒரு புரதம் இருக்கிறது, சில புற்றுநோய்ச் செல்களில் அது மண்டிக் கிடக்கும், இந்த ஆந்திகோர் தேடிப் போய் அதைப் பிடித்துக்கொள்ளும் என்றார். “கான்ஸேரையா, அந்தப் புற்றுநோயையா?” என்று கேட்டேன். “வுய், வுய்” என்று தலையாட்டிச் சிரித்தபடி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் பாடம். மீதியை நானே நினைத்துக்கொண்டேன். எங்கள் கரையில் பிடிபட்ட மீன் செத்த மீன்தான். பிடித்த பிறகு என்ன நடக்கும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

மார்ச் மாதம் என் தங்கை செல்வி போன் செய்தாள். வைத்திக்குப்பத்தில் மீன் விற்பவள். மாரில் ஒரு கட்டி, ஆஸ்பத்திரியில் காட்டியதற்குச் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார்கள், கத்தி வைத்தால் பரவிவிடும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள் என்றாள். வாய் திறக்காத நான் அன்றைக்குத் திறந்தேன். “கத்தி வைக்க வுடாத. எங்க லபோல அதுக்குன்னே ஒண்ணு இருக்குது. நான் கொண்டாறேன், அதுவரைக்கும் பொறு” என்றேன். அவள் பொறுத்தாள். என் லீவு ஜூலையில். நாலு மாதம் பொறுத்தாள்.

நாள் கடந்த குப்பிகளைக் குப்பையில் போடுவது என் பொறுப்பு. அதில் ஒன்றைப் போடாமல் வைத்துக்கொண்டேன். திருட்டு என்றால் திருட்டுதான். ஃபிளாஸ்க்கில் ஐஸ் பை வைத்து, துணி சுற்றி, நடுவில் குப்பியை நிறுத்தினேன். வழியில் மூன்று இடத்தில் ஐஸ் மாற்றினேன். புதுச்சேரி வந்து ஆஸ்பத்திரி மேசையில் திறந்தபோது உள்ளே வைத்திருந்த வெப்பமானி நான்கு டிகிரி காட்டியது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகப் பேசினாள்.

“ஐயா, இது மருந்து இல்லீங்க. அந்த ரிசெப்டர் இருக்குதா இல்லியான்னு காட்டிக் குடுக்கும், அவ்ளோதான். ஒண்ணயும் கொல்லாது. இங்க பாருங்க, ஆராய்ச்சிக்கு மட்டும்னு போட்டுருக்குது.”

பிறகு செல்வியைப் பார்த்தாள். “இந்த மாதிரி ஒண்ண வெச்சுத்தான் உங்க சதைய டெஸ்ட் பண்ணச் சொன்னோம். ரிசெப்டர் இருந்தா அதுக்குன்னு தனியா மருந்து இருக்குதும்மா. நாலு மாசம் ஏன் வரல?”

செல்வி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. “வேல இருந்துச்சு” என்றாள்.

‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்ற அந்த எழுத்துகள் பதினொரு வருடம் என் விரலுக்கடியில் இருந்திருக்கின்றன. குப்பியைக் கீழே போடாமல் பிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எத்தனை டிகிரி என்று கற்றுக்கொடுத்தார்கள். இது பார்க்க மட்டும்தான் என்ற ஒரு வரியைச் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை. பாத்திரம் கழுவுகிறவனுக்கு எதற்கு என்று நினைத்திருப்பார்கள். அவர்களை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் போனில் பேசியது அவர்கள் இல்லை. அரைகுறையாகக் கேட்டதை வைத்துக்கொண்டு, பிரான்சுக்காரன் என்ற மிதப்பில் தங்கையின் உயிருக்கு வாக்குக் கொடுத்தவன் நான். கடல் தாண்டி இருப்பவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று இங்கே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை மேலும் எனக்குக் கோபம். என்னைப் போல் வெளியே இருப்பவர்களே, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் செல்வி ஃபிளாஸ்க்கைத் திறந்து உள்ளே பார்த்தாள். பிறகு, “ஒன்ன நம்பி நாலு மாசம் மாருல கல்லக் கட்டிகினு மீன் கூடய தூக்குனேண்ணே. எம்மாம் ஐஸு வெச்சுக் கொண்டாந்த பாரு. அதுல நாலு வஞ்சரமாவது எடுத்தாந்திருக்கலாம்” என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. “அழுவாத, எனக்குப் பசிக்குது” என்றாள்.

சதையை எடுத்தார்கள். அந்த ரிசெப்டர் இருந்தது. அதற்குரிய மருந்தும் இருக்கிறது. ஆனால் கட்டி அக்குள் வரை பரவிவிட்டது, முன்பே வந்திருந்தால் சுலபம் என்றார்கள். இப்போதும் முடியாது என்று சொல்லவில்லை. நான் லீவை நீட்டிவிட்டேன்.

நேற்று முன்தினம் முதல் மருந்து ஏற்றினார்கள். ஊசி குத்திய கையை அசைக்காமல் இருக்கச் சொன்னதால் அதை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் கத்தியது. லியோனில் குளிர் அறை ஒன்பது டிகிரிக்கு ஏறிவிட்டதாம். யாரோ கதவைச் சரியாக மூடவில்லை. சூடு ஏறினால் செய்தி போகும் போன்களில் என்னுடையதும் ஒன்று.

“யாருண்ணே?”

“லபோ. ஐஸ் ரூமுக்குச் சூடு ஏறிடிச்சாம்.”

“அய்ய, அதுக்கு ஜொரம்னா ஒனக்குச் சேதி வருதா” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் கையை விடாமல், இன்னொரு கையால் அங்கே வேலை செய்பவனை அழைத்து, கதவை மூடு என்று பிரெஞ்சில் சொன்னேன். இந்தப் பக்கம் மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அவன் ஓடிப் போய்க் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. டிகிரி இறங்குகிறதா என்று பார்த்துச் சொல், போனை வைக்காதே என்றேன். செல்வியின் கை சில்லென்று இருந்தது. இரண்டு பக்கமும் காத்துக்கொண்டு நின்றேன்.

வைத்திக்குப்பம்,
18 ஆகஸ்ட் 2024, ஞாயிற்றுக்கிழமை.