ஒராங்குட்டானுக்கு வைத்த மைப்பொட்டு

எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண் வெளிநாடு போகிறாள் என்றால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: சவூதியா, குவைத்தா? வீரம்மாக்கா இரண்டும் இல்லை, போர்னியோ என்றார். அங்கே யார் வீட்டில் வேலை என்று கேட்டார்கள்.

"வீட்டுல இல்லங்க, காட்டுல. கொரங்கு பாத்துக்கப் போறேன்" என்றார்.

அன்றைக்கு லயத்தில் பல வீடுகளில் சோறு குழைந்துபோனது. சிரிக்கவே நேரம் சரியாக இருந்தது. அதிலும் அவருடைய புருஷன் ஆண்டியப்பன் இருபது வருடமாகக் குரங்குகளோடு சண்டை பிடிக்கிற மனிதர். லயத்துக்குப் பின்னால் அவர் போடும் போஞ்சிப் பாத்தியில் ஒரு காய்கூட அவர் வாய்க்கு வந்ததில்லை.

"நான் இங்க கல்லெறிஞ்சு வெரட்டுறேன். இவ பிளேன் ஏறிப் போய் ஊட்டி விடப்போறா" என்று கடைக்குக் கடை சொல்லித் திரிந்தார்.

இதில் பாதிப் பாவம் எனக்கு. நான் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர், விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான். அழிந்துவரும் ஒராங்குட்டான் குட்டிகளைப் பராமரிக்கும் ஒரு சரணாலயத்துக்குத் தொண்டர்கள் தேவை, குழந்தை வளர்த்துப் பழகியவர்களாக இருந்தால் நல்லது, பயணமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு என்று இணையத்தில் பார்த்தேன். வேடிக்கைக்குத்தான் வீரம்மாக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் முப்பத்தொரு வருடம் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவர். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால் பிள்ளைகளை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அழுகிற பிள்ளையை அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும், கண்ணீர் பாதி வழியில் நின்றுவிடும். ஓய்வுபெற்ற பிறகு அடக்குவதற்கு ஆண்டியப்பன் ஒருவர்தான் மிச்சம். அவரும் போஞ்சிப் பாத்திக்கு ஓடிவிடுவார்.

விண்ணப்பத்தில், எந்த இனங்களோடு வேலை செய்த அனுபவம் உண்டு என்று ஒரு கேள்வி இருந்தது. 'மனித இனம், நானூறுக்கு மேல்' என்று எழுதினேன். தெரிவாகிவிட்டார்.

ஹட்டன் ஸ்டேஷன் வரைக்கும் நான்கு ஓட்டோவில் போய் வழியனுப்பினோம். தோட்டத் தலைவர் நாகலிங்கம் மாலை போட்டு, அக்கா உயர்கல்விக்காகச் செல்கிறார் என்று பேசினார். யாரும் திருத்தவில்லை. மாலை நன்றாக இருந்தது.

அங்கே அவருக்குக் கிடைத்த துணை நல்லமுத்து. மலேசியாவில் பேராக் பக்கத்துத் தமிழர், சரணாலயத்தில் தலைமைப் பராமரிப்பாளர். முதல் நாளே ஒழுங்குவிதிகளைத் தமிழில் சொல்லிக் கொடுத்தார். முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது, கொஞ்சக் கூடாது, சொந்தமாக எதையும் கொண்டுபோய்க் குட்டிகளுக்குக் கொடுக்கவோ தடவவோ கூடாது. வீரம்மாக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவர் கெட்டிக்காரி, எந்தத் துரைக்கும் அவர் எதிர்த்துப் பேசியதில்லை.

அவர் பொறுப்பில் ஐந்து குட்டிகள். இரண்டே வாரத்தில் ஐந்தும் பிள்ளைக்காம்பராப் பிள்ளைகளாகிவிட்டன. வரிசையில் நின்றால்தான் பழம். மதியம் ஒரு மணிக்கு எல்லாரும் படுக்க வேண்டும், தூக்கம் வராதவர்கள் வந்ததாக நடிக்க வேண்டும். இதில் பிந்தாங் என்ற பெண்குட்டிதான் பெரியவள், குறும்பிலும் பெரியவள். பார்த்ததையெல்லாம் செய்வாள். வீரம்மாக்கா துணி துவைப்பதைப் பார்த்துவிட்டு நல்லமுத்துவின் தொப்பிக்குச் சவர்க்காரம் போட்டுக் கும்மி, கூரையில் காயப்போட்டாள்.

குட்டிகள் காட்டுக்குத் திரும்பும் நேரம் வந்துவிட்டது. காட்டில் பழக்காலம் தொடங்கியதும், ஒரு திங்கட்கிழமை, ஐந்தையும் படகில் ஏற்றி ஆற்றுக்கு அக்கரையில் விடுவதாக ஏற்பாடு. அங்கே மரம் ஏறி, பழம் தேடி, தாமாகப் பிழைக்கப் பழக வேண்டும். இதைத் தவறவிட்டால் இன்னொரு வருடம் கம்பிக்குள்தான். அதற்குள் வளர்ந்துவிட்டால் காட்டில் பிழைக்கும் புத்தி வராமலே போகலாம் என்று சரணாலயத்து மிருக வைத்தியரான டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஒரு கப்பல் நிறையச் சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, ஐயோ என்ன அழகு என்று ஏழெட்டு மொழிகளில் சொன்னார்கள். மொழி தெரியாவிட்டாலும் கண்ணூறு தெரியாதா? அன்று சாயந்திரம் பிந்தாங் பழத்தைத் தொடவில்லை. வீரம்மாக்கா இடுப்பிலிருந்து ஒரு சின்னச் சிமிழை எடுத்தார். ஆமணக்கெண்ணெய் விளக்கில் புகை பிடித்து வீட்டிலேயே குழைத்த மை. மோதிர விரலால் தொட்டு, பிந்தாங்கின் இடது கன்னத்தில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தார்.

விதி ஞாபகம் வரவில்லையா என்று பிறகு கேட்டேன். "பொட்டு எல்லாம் அதுல சேருமா டீச்சர்? அது மூஞ்சி கழுவி விடுற மாதிரிதானே" என்றார்.

புதன்கிழமை காலை டாக்டரம்மா அந்தக் கறுப்பைப் பார்த்தார். ஈரப் பஞ்சால் துடைத்தார். எண்ணெய் மை தண்ணீருக்கு அசையுமா? இழுபட்டு இரட்டிப்பாகப் பரந்தது. புண் விரிகிறது என்று குறிப்பெழுதி, பிந்தாங்கைத் தனிக்கூண்டில் போட்டார்கள். வீரம்மாக்காவுக்கு நல்லமுத்து சொன்னது ஒரு வரிதான்: "பிந்தாங்குக்கு ஏதோ தோல் நோயாம், அக்கா. மத்ததுக்கும் ஒட்டிக்குமாம்."

பெற்ற வயிறு பதறுவதுபோல் பதறிவிட்டார். மற்ற நான்கையும் காப்பாற்ற வேண்டுமே. உடனே நான்குக்கும் பொட்டு வைத்தார்.

வியாழக்கிழமை நோய் ஐந்து குட்டிகளுக்கும் பரவியிருந்தது.

அன்றே தலையிலிருந்து கால்வரை பிளாஸ்டிக் போட்டவர்கள் உள்ளே புகுந்தார்கள். கிருமிநாசினி அடித்தார்கள். மாதிரி எடுத்துத் தூரத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள், முடிவு வரப் பத்து நாளாகுமாம். சனிக்கிழமை காலை கூட்டம் கூடித் திங்கட்கிழமைப் பயணத்தை ரத்துச் செய்யப்போவதாகப் பேச்சு.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நோர்வூட் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது எனக்கு அழைப்பு வந்தது. மறுமுனையில் ஒரே அழுகை.

"கொள்ள நோய் வந்துருச்சு டீச்சர். நல்ல வேள, எல்லாத்துக்கும் பொட்டு வச்சுட்டேன். இல்லாட்டி உசுரே போயிருக்கும்."

"அழாம சொல்லுங்க அக்கா. என்ன மாதிரி நோய்?"

"கறுப்பா ஒரு புள்ளியாம்."

"எந்த இடத்துல?"

"எடது கன்னத்துலயாம்."

"நீங்க பொட்டு வச்சது எந்தக் கன்னத்துல?"

நான் காத்திருந்த பொகவந்தலாவ பஸ் வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு போயும் விட்டது.

"எடது" என்றார் கடைசியாக.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் புத்திமதி சொல்லாவிட்டால் டீச்சருக்குத் தூக்கம் வருமா? "யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. பத்து நாள்ல அதுவா அழிஞ்சிரும், நோய் கொணமாயிருச்சுன்னு நெனச்சுக்குவாங்க" என்றேன்.

"அதுக்குள்ள திங்கக்கெழம போயிருமே டீச்சர்."

"சொன்னீங்கன்னா ஒங்கள வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"தெரியும்." கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினார். "மால போட்டு அனுப்புனாங்க டீச்சர். பாதியில திரும்பி வந்தா அந்த மனுசன் போஞ்சிப் பாத்தியில நின்னு சிரிப்பாரு. ஆனா பிந்தாங் கம்பியப் புடிச்சு ஆட்டிக்கிட்டே இருக்கு. இன்னும் ஒரு வருசம் அது ஆட்டணுமா, என் சிமிழுக்காக?"

எனக்கு வெட்கமாக இருந்தது. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

சனிக்கிழமை கூட்டத்தில் டாக்டரம்மா பலகையில் ஐந்து முகங்கள் வரைந்து, ஐந்திலும் இடது கன்னத்தில் வட்டம் போட்டு, இப்படி ஒழுங்காக ஒரே இடத்தில் வருகிற நோயை இதுவரை கண்டதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். வீரம்மாக்கா எழுந்து முன்னால் போனார். முகக்கவசத்தைக் கழற்றினார். சிமிழைத் திறந்து மோதிர விரலால் தொட்டுத் தன் இடது கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தார். கையோடு கொண்டுபோயிருந்த தேங்காயெண்ணெயை முந்தானையில் நனைத்து, அதைத் துடைத்தும் காட்டினார். நல்லமுத்து மொழிபெயர்க்க வாய் திறந்தார். அவசியம் இருக்கவில்லை.

டாக்டரம்மா தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கேட்டு வாங்கிக்கொண்டு கூண்டுப் பக்கம் போனார். கொள்ளை நோய் நான்கு நிமிடத்தில் ஒழிந்தது.

விதி விதிதான். செவ்வாய்க்கிழமை விமானம் என்று கடிதம் கொடுத்தார்கள். சிமிழைப் பறித்துக் குப்பையில் போட்டார்கள். திங்கட்கிழமை படகு புறப்படுவதைத் தூரத்தில் நின்று பார்க்க மட்டும் டாக்டரம்மா அனுமதித்தார். அவரும் பொம்பிளைதானே.

நான்கு பெட்டிகள் ஏறின. கடைசியாகப் பிந்தாங்கின் பெட்டி சேற்றுக் கரையில் இருந்தது. அவள் கம்பி இடுக்கால் கையை நீட்டிச் சேற்றைக் கிண்டிக்கொண்டு கிடந்தாள். பூட்டு சரியா என்று பார்க்க டாக்டரம்மா குனிந்தார். அந்த நீளக் கை மெதுவாக மேலே வந்தது. ஒரு விரல் டாக்டரம்மாவின் இடது கன்னத்தில் அழுத்தியது. எடுத்தபோது வட்டமாக, கறுப்பாக, அச்சாக ஒரு பொட்டு.

டாக்டரம்மா கையை உயர்த்தினார், கன்னம் வரை கொண்டுபோனார், துடைக்காமல் இறக்கிவிட்டார். அப்படியே ஆற்றைக் கடந்தார்.

கன்னத்தில் பொட்டோடு டாக்டரம்மாவும் பக்கத்தில் பிந்தாங்குமாக நல்லமுத்து எடுத்த படம் இப்போது வீரம்மாக்கா வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அவர் திரும்பிவந்த அன்று சிரிக்கத் தயாராக நின்ற ஆண்டியப்பன் அதை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, அந்தக் குட்டிக்குப் போஞ்சிக்காய் பிடிக்குமா என்று கேட்டார்.

நான் போனபோது அக்கா படத்தின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு புள்ளைங்களையும் காட்டுல சேத்துட்டு வந்தவங்க, டீச்சர். அன்னிக்கு அந்த டாக்டரம்மாவுக்கு எத்தன கண்ணு பட்டிருக்கும். எனக்குத்தான் கிட்ட போகக் குடுத்துவைக்கல. நம்ம புள்ள பொட்டு வச்சிருச்சு."