ஒத்து ஊத மறுத்தவன்

இவ்வாரம் வேறொன்று எழுதுவதாக இருந்தேன். ஆனால் ஏழுமலை தன் தனிக் கச்சேரியைப் பற்றிப் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் ஒரு கதை சொல்லித் திரிகிறான், நம்புவோரும் இருக்கின்றனர்! அவ்வேளையில் அருகில் நின்றவன் நான். உண்மையை எழுதி வைக்காவிட்டால் அவன் வாய்ச்சொல்லே நாளை இவ்வூர் வரலாறாகிவிடும். ஆகவே இவ்வோலை.

ஏழுமலை கோட்டைக்குப்பத்து மேளத்தில் ஒத்து ஊதுபவன். அவன் தாய்மாமன் கோவிந்தனார் நாகசுரத்தில் இராகத்தை விரிப்பார். இவன் பக்கத்தில் நின்று, கன்னம் உப்ப, ஒரே சுரத்தை இடைவிடாது ஊதுவான். இசைக்கு அந்தச் சுருதி இன்றியமையாதது — மறுக்கவில்லை. வீட்டுக்குத் தரையும் இன்றியமையாததுதான். தரையை மட்டும் போட்டுவிட்டு எவரேனும் குடிபுகுவாரா?

அவனைக் கெடுத்தவர் கோட்டையின் ஒல்லாந்தத் துரை. ஒரு திருமண ஊர்வலத்தில் மேளம் கேட்டவர், துபாஷியின் வாயிலாக ஏழுமலையை மட்டும் பாராட்டினார்: “மற்றவர்கள் அடிக்கடி தடுமாறுகிறார்கள். இவன் ஒருவன்தான் நிலையாக வாசிக்கிறான்.”

தன்னைப் புகழ்பவருக்கு இசை தெரியுமா என்று எந்த இசைவாணன் கேட்டான்?

கோட்டை விருந்தில் வாசிக்க அழைப்பும் வந்தது. அந்நாளோ, குப்பத்து அம்மன் புறப்பாட்டு நாள்!

“மாமா, இனிமே நான் மேளத்துக்கு வர்ல. தனியா வாசிக்கப் போறேன்.”

“இன்னாத்தடா வாசிப்ப?”

“இதத்தான்.”

“இத மட்டுமா?”

“எத்தினி காலத்துக்கு உனக்கே ஒத்து ஊதினு இருக்கிறது? இனி எவனுக்கும் ஒத்து ஊத மாட்டேன்.”

“அம்மன் பொறப்பாடுடா! சுருதி இல்லாம நான் எப்டி வாசிக்கிறது? மேளம் இல்லாம சாமிய எப்டித் தூக்குறது?”

“அது உன் பாடு.”

கூடையோடு நின்ற மீன்காரி அஞ்சலை சிரித்தாள். “ஏன் ஏழுமல, ஒரே ஒரு மடவ மீன வெச்சினு சந்த போடப் போறியா?”

விருந்தன்று மாலை துபாஷி என்னையும் அழைத்துச் சென்றார். மேசையைச் சுற்றித் துரைமார். (மேசை என்னும் அயற்சொல்லைப் பொறுத்தருள்க, அப்பொருளே நமதன்று.) ஏழுமலை ஏரியைப் பார்த்த கொத்தளத்தில் ஏறி நின்று ஊதத் தொடங்கினான். ஒரே சுரம். துரைமார் காத்திருந்தனர். ஒரே சுரம்... கோப்பைகள் காலியாயின. ஒரே சுரம்!

“பாட்டு எப்போது தொடங்கும் என்று துரை கேட்கிறார்,” என்றார் துபாஷி என் காதில்.

அப்போது கீழே ஏரியில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களின் கூச்சல் எழுந்தது.

“டேய், ஒத்து கேக்குதுடா! அம்மன் கெளம்பிடுச்சு! வலைய வாரிப் போடு!”

நம் வழக்கம் அறிவீரே — புறப்பாட்டில் ஒத்துதான் முதலில் ஒலிக்கும். அதைக் கேட்டதும் ஆடவர் அனைவரும் சாமி தூக்க ஓடுவர். எங்கிருந்து ஒலிக்கிறது என்று எவர் பார்த்தார்? படகுகள் எல்லாம் அக்கரைக் குப்பத்தை நோக்கித் திரும்பின.

கோவில் வாயிலில் சுருதியின்றி முடங்கிக் கிடந்த கோவிந்தனாரின் செவியிலும் அது விழுந்திருக்க வேண்டும். தோள் கொடுக்க ஆட்கள் வந்துவிட்டனர். நீரின்மேல் சுருதியும் வந்துவிட்டது. வேறென்ன வேண்டும்? சற்று நேரத்தில் குப்பத்துப் பக்கமிருந்து அவர் நாகசுரம் எழுந்தது — ஏழுமலையின் சுரத்தோடு இம்மியும் பிசகாமல் பொருந்தி!

துரைமார் மகிழ்ந்து கைதட்டினர். துபாஷி மொழிபெயர்த்தார்: “ஒருவழியாகப் பாட்டு தொடங்கிவிட்டதாம்.”

கைதட்டல் தனக்கே என்று எண்ணி ஏழுமலை கண்மூடி ஊதினான். அம்மன் கோவிலுக்குத் திரும்பும் வரை ஊதினான். இறங்கி வந்தவன் நெஞ்சை நிமிர்த்தி என்னிடம் சொன்னது இது:

“பாத்தீங்களா ஐயா? எங்க மாமாவே எனக்குப் பக்கவாத்தியம் வாசிச்சாரு!”

இதுதான் கடைத்தெருவில் இன்று உலவும் கதை. எவனுக்கும் ஒத்து ஊத மாட்டேன் என்று பிரிந்தவன், பக்கத்தில் நின்று ஊதியதை ஏரிக்கு அப்பால் நின்று ஊதினான். வேறொன்றும் நிகழவில்லை.

இவ்வோலையில் பிழை காணும் பெரியோர் திருத்தியருள்க. தொடக்கத்தில் ‘தனிக் கச்சேரி’ என்று எழுதியிருக்கிறேன் — முதலில் அதைத் திருத்துக.