மாடியிலிருந்து ஓர் அழைப்பு

ஒரே வீட்டில் இருக்கும் மனைவியோடு பேச ஒருவருக்கு எதற்குச் செல்போன்?

மாலை அஸர் தொழுதுவிட்டு வந்ததும் மூஸா நெய்னா தலையைப் படிய வாரி, காதோரம் அத்தர் தொட்டுக்கொண்டு மாடியேறிவிடுவார். தண்ணீர்ச் செம்பின்மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, வீடியோவில் அழைப்பார். கீழே அடுக்களையில் ஹாஜரா பீவி கையைத் துடைத்துக்கொண்டு எடுப்பார். முதல் கேள்வி என்றும் ஒன்றுதான்.

"சாப்ட்டியா?"

மதியம் அவருக்குச் சோற்றில் மீன் ஆணம் ஊற்றியதே ஹாஜரா பீவிதான்.

துபாயில் இருபத்திரண்டு வருடம் அத்தர் கடை. கடையில் ஆள் ஓயும் இந்த நேரத்தில்தான் தினமும் ஊருக்குப் பேசுவார். காயல்பட்டினத்தில் மாப்பிள்ளைக்குப் பெண் வீடுதான் வீடு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வந்து விருந்துண்டு போனவருக்கு, ஊரோடு வந்து தங்கியபின் அந்த வீட்டில் எங்கே உட்காருவதென்றே பிடிபடவில்லை. சாப்பாட்டு விரிப்பில் எதிரே மனைவி இருந்தால், "உப்பு" என்பார், அதோடு சரி. திரையில் வந்தாலோ வேறு ஆள். பன்னிரண்டு அத்தரை முகர்ந்துவிட்டுத் தும்மிக்கொண்டே வெறுங்கையோடு போன அரபியைப் போல நடித்துக் காட்டுவார்.

ஊர் வந்த மூன்றாம் நாள் முதல் அழைப்பு வந்தபோது, சொல்லாமல் விமானம் ஏறிவிட்டாரோ என்று ஹாஜரா பீவி பதறிப்போனார். மகள் ருமைஸாதான் மாடியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, திரையைப் பார்த்துக் கேட்டாள்: "வாப்பா, மாடியில இப்ப மணி என்ன?"

ஹாஜரா பீவிக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. பேசிப் பேசி வளர்த்த மனிதர் செல்போன் கண்ணாடிக்குள்ளேயே தங்கிவிட்டார். வீட்டுக்கு வந்தவர் வேறு யாரோ என்று தோன்றியது.

ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் விசா செல்லாது. கெடு முடியும் வாரம், கடைக் கூட்டாளி அஃப்ஸல் டிக்கெட் அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை, திருவனந்தபுரத்திலிருந்து. அந்தச் செவ்வாய், திரையில் மூஸா நெய்னாவின் தோளுக்குப் பின்னால் கட்டில்மேல் ஒரு பெட்டி திறந்து கிடந்தது.

"பின்னால பொட்டி திறந்து ஈக்கிதே?"

"காத்தாட வச்சேன்." செல்போனைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

போகிறீர்களா என்று நேரில் கேட்க ஹாஜரா பீவிக்கு வாய் வரவில்லை. நேரில் பேசிப் பழக்கமில்லாதது மூஸா நெய்னாவுக்கு மட்டுமல்ல, இவருக்கும்தான்.

வியாழக்கிழமை அஸர் முடிந்தது. கார் வரும் நேரம். ஹாஜரா பீவி வெங்காயத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, செல்போனை மடியில் போட்டுக் காத்திருந்தார். அது அடிக்கவில்லை. படியில் காலடி கேட்டது. கேட்டதற்கும் முன்னால், இருபத்திரண்டு வருடமாக எந்தத் திரையிலும் வராத அத்தர் வாசனை வந்தது. படிய வாரிய தலையோடு மூஸா நெய்னா அடுக்களை நிலையில் நின்றார். கையில் பெட்டி இல்லை. எங்கே உட்காருவதென்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அம்மிக்குப் பக்கத்தில் கிடந்த மணைப்பலகையில் உட்கார்ந்தார்.

"சாப்ட்டியா?"

ஹாஜரா பீவி தலையைத் தூக்கவில்லை. "ஆணம் ஊத்துனது யாராம்?"

அவர் சிரித்த சிரிப்பு, துபாய்ச் சிரிப்பேதான்.  ஹாஜரா பீவிக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வெங்காயம் வசதியாக இருந்தது.

ஏன் போகவில்லை என்று அவர் இன்றுவரை சொன்னதில்லை. அன்று அவர் சிரித்து ஓய்வதற்குள் மாடியில் செல்போன் அடிக்கத் தொடங்கியது. அஃப்ஸலாகத்தான் இருக்கும். மூஸா நெய்னா அண்ணாந்து பார்த்தார். பிறகு வெங்காயத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.