மூன்று வோல்ட்

போன வாரம் ஒரு காலையில்தான் அந்த யோசனை தோன்றியது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில், இரண்டாம் மாடிப் பையன் தன் புதுக் காரின் முன்னால் கைபேசியோடு நின்றிருந்தான். பொத்தானை அமுக்கினால் கிளம்பவேண்டிய வண்டி ஒரே ஒரு சொடக்குச் சத்தத்தோடு அடங்கிவிட்டதாம். எனக்கு அது போதாதா? லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போய் இரண்டு கைகளையும் ஊன்றி நின்று, "ஏறி உக்காருப்பா, செகண்ட் கியர்ல போடு" என்றேன்.

பையன் பதறிவிட்டான். "ஐயோ அங்கிள், இது ஆட்டோமேட்டிக். தள்ளக் கூடாது. போன் பண்ணிட்டேன், ஆள் வருவாங்க."

தள்ளக் கூடாத கார்! கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். வண்டிகள் நிறுத்துமிடத்தின் மூலையில், தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடக்கும் என் பழைய கார் கண்ணில் பட்டது. யோசனை அந்த நிமிஷம் வந்ததுதான். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் பைத்தியம் என்பீர்கள். கடைசியிலும் சொல்வீர்கள்தான், ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்வீர்கள்.

தார்ப்பாயைத் தூக்கியதும் வாசனைதான் முதலில் வந்தது. காய்ந்த ரெக்சின், என்றைக்கோ ஆவியாகிப்போன பெட்ரோல், அதற்கும் அடியில் பீடி நாற்றம். நான் வாழ்நாளில் பீடி பிடித்ததில்லை. அது ஏகாம்பரத்தின் பீடி. ஐம்பது வருஷம் ஒரு பீடி நாற்றம் தங்குமா என்று கேட்காதீர்கள். என் மூக்கு, என் சௌகரியம்.

எழுபதுகளின் தொடக்கம். டிப்ளமோ வாங்கிய சூட்டோடு புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கிளம்பி வந்து, ஆவடியில் ராணுவத்துக்கு வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாகச் சேர்ந்திருந்தேன். குடியிருக்க ஒரு குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். சுற்றிலும் மதுரைக்காரர்கள், கோயமுத்தூர்க்காரர்கள், நாகர்கோவில்காரர்கள். எல்லாரும் குடும்பத்தோடு இருந்தார்கள். சாயங்காலம் நான் கதவைத் திறந்தால், காலையில் காபி குடித்துவிட்டு வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். வேறெங்கே போகும்? ஆனாலும் தினமும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

அந்த டம்ளரிடமிருந்து தப்பிக்கத்தான் கார் வாங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கேட்டிருந்தால் இஞ்சின் மேல் உள்ள காதல் என்று மார்தட்டியிருப்பேன். மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி கழித்துவிட்ட சின்னச் சீமைக் கார் அது. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே பானெட்டைத் திறந்து, துருவைச் சுரண்டி, உள்பக்கம் முழுவதும் பச்சைப் பெயிண்ட் அடித்தேன். அது தொழிற்சாலைப் புத்தி. எங்கள் இடத்தில் எந்த இரும்பும் வெறும் உடம்போடு வெளியே போகக் கூடாது. பிரைமர் ஒரு கை, பெயிண்ட் இரண்டு கை அடித்தால்தான் சோதனையில் தேறும். கழற்றியதையெல்லாம் காய்ந்த பிறகு அழகாக மாட்டினேன். இஞ்சின் அறை கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகுதான் அது காலையில் கிளம்ப மறுத்தது.

மத்தியானம் நன்றாகக் கிளம்பும். சாயங்காலம் தொட்டாலே கிளம்பும். காலையில், அதுவும் மார்கழிப் பனியில், ஸ்டார்ட்டர் மட்டும் நோயாளி இருமுவதுபோல இரண்டு தரம் சுற்றும். நெருப்புப் பற்றாது.

அப்படி நான் மூன்றாம் நாளாக விழித்துக்கொண்டு நின்றபோதுதான் கோவில்பதாகைப் பக்கமிருந்து நடந்து வந்த இரண்டு பேர் நின்றார்கள். ஏகாம்பரம், அவன் மச்சான் துலுக்காணம். எங்கள் தொழிற்சாலையிலேயே சுமை தூக்கும் பிரிவில் வேலை. அவர்கள் அப்பன்மார் வயலில் கூலி வேலை செய்தவர்கள். நான் இன்னார் என்று இவர்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

"இன்னா மாமே, பட்த்துகிச்சா?" என்றான் ஏகாம்பரம்.

"கிளம்ப மாட்டேங்குது."

"நீ மொதல்ல உள்ள குந்து. டேய் துலுக்காணம், கை வைய்டா."

தள்ளினார்கள். கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கல், ஒரு தும்மல், உடனே உயிர் வந்துவிட்டது. இருவரும் ஓடிவந்து ஏறிக்கொண்டார்கள். ஏகாம்பரம் என் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டேன். அன்றைக்கே உள்ளே என் சட்டையையும் மேஜையையும் பார்த்துவிட்டு, "சார்" என்று தூரத்தில் நின்றான். மறுநாள் காலையில் சாலையில் மறுபடி "மாமே" ஆகிவிட்டேன். அது எழுதாத ஒப்பந்தம். வாசலுக்கு உள்ளே சார், வெளியே மாமே. தள்ளினவன் ஏறுவான்.

அந்த மாதம் முழுக்க, ஒரு நாளில் நான் மனிதர்களோடு வாய்விட்டுச் சிரித்தது அந்தக் கால் மணி நேரத்தில்தான்.

"ஒன் வண்டி இன்னா மாமே, கோயில் தேராட்டம்? ஊர்கூடி இஸ்த்தாத்தான் நவ்ரும்போல கீது."

"கல்யாணம் கட்டிக்கினா அந்தம்மாவையும் தள்ளச் சொல்லுவியா நைனா?" இது துலுக்காணம்.

நானும் பதிலுக்கு, "வண்டி நல்லாத்தான் கீது, தள்ற ஆளுதான் சரியில்ல கீது" என்பேன். என் 'கீது' எப்போதும் தப்பான இடத்தில்தான் விழும். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு ஞாயிறு பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு மூவரும் போனோம். வெயில் ஏறி வண்டி தானாகவே கிளம்பும் நேரம். நான் சாவியைத் திருப்பப் போனால் ஏகாம்பரம் என் கையைத் தட்டிவிட்டான். "இரு, இரு. தள்ட்டு ஏறிக்கிறோம்." விளையாட்டென்று நினைத்தேன்.

அப்போது எனக்கு இன்னொரு நோய் இருந்தது. ஒரு கோளாறு புரியாவிட்டால் சோறு இறங்காது. பிளக்குகளைக் கழற்றித் தோசைக்கல்லில் சுட்டு மாட்டினேன்; பிறகு வார்த்த தோசையைப் பற்றிக் கேட்காதீர்கள். பாயின்டைத் தேய்த்தேன். கண்டென்சரை மாற்றினேன். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றினேன். காலையில் மறுபடி இருமல்.

கடைசியில் ஒரு வோல்ட்மீட்டர் வாங்கினேன். இதில் ஒரு சிக்கல். ஸ்டார்ட்டர் சுற்றும்போது முள்ளைப் பார்க்கவேண்டும். ஸ்டார்ட்டரை அமுக்க ஒருவர் உள்ளே வேண்டும், முள்ளைப் பார்க்க ஒருவர் பானெட்டுக்குள் குனிய வேண்டும். நான் ஒருவன். அடுத்த வீட்டில் கேட்டிருக்கலாம், கேட்கக் கூச்சம். ஏகாம்பரத்தைக் கேட்டிருக்கலாம், அவனிடம் சரிசெய்து காட்டி அசத்த வேண்டும் என்று ஆசை. ஆகவே இரண்டு நீள ஒயர்களை ஜன்னல் வழியாக இழுத்து, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு, நானே அமுக்கி நானே பார்த்தேன்.

பேட்டரியில் சும்மா இருக்கும்போது பன்னிரண்டரை வோல்ட். சுற்றும்போது பத்து. அது சகஜம். ஆனால் அந்த நேரத்தில் காயிலுக்குக் கிடைத்தது ஏழுதான். ஏழு வோல்ட்டில் தீப்பொறி வரும், பனியில் குளிர்ந்த பெட்ரோலைக் கொளுத்தும் தெம்பு அதில் இராது. மூன்று வோல்ட் எங்கே போயிற்று?

சோக்கை இழுத்துப் பிடித்தபடி யோசித்தேன். சோக் கம்பி கையில் கதகதவென்றிருந்தது. முந்தைய வாரங்களிலும் அப்படித்தான் இருந்தது. மார்கழிக் குளிருக்கு இதமாக இருக்கிறதென்று பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வெறும் இரும்புக் கம்பி ஏன் சுட வேண்டும் என்று இத்தனை படித்தவனுக்குத் தோன்றவில்லை. இஞ்சினிலிருந்து பேட்டரிக்குத் திரும்பிப் போக வேறு வழியில்லாமல் மின்சாரம் அதன் வழியாக ஓடியிருக்கிறது!

மீட்டரின் ஒரு முனையை இஞ்சின் மேலும் மறுமுனையை வண்டியின் உடம்பிலும் வைத்து அமுக்கினேன். ஒன்றுமே காட்டக்கூடாத இடத்தில் முள் மூன்றில் போய் நின்றது.

இஞ்சினையும் உடம்பையும் இணைக்கிற எர்த் பட்டை, பின்னல் போட்ட தாமிரப் பட்டை, ஒரு போல்ட்டில் நிற்கும். கழற்றிப் பார்த்தேன். அதற்கு அடியில் பளபளவென்று என் பச்சைப் பெயிண்ட். பிரைமர் ஒரு கை, பெயிண்ட் இரண்டு கை. பெயிண்டைத் தாண்டி மின்சாரம் போகாது; மரையின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இரும்பு தொட்டுக்கொண்டிருந்தது. தள்ளும்போது ஸ்டார்ட்டருக்கு வேலையில்லை, அந்தச் சின்ன வழியே போதும். குளிரில் ஸ்டார்ட்டர் மொத்த மின்சாரத்தையும் இழுத்தால் போதாது. அவ்வளவுதான் கதை. உப்புத்தாளால் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து இறுக்கினேன்.

மறுநாள் காலை சாலையோரம் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். இருவரும் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார்கள். "இருங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டார்ட்டரை அமுக்கினேன். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். துலுக்காணம் ஏகாம்பரத்தைப் பார்த்தான்.

"சரியா பூட்ச்சா?" என்றான் ஏகாம்பரம்.

"சரியாயிடுச்சு! ஏறுங்க."

"இல்ல, நீ போ. நாங்க நட்ந்து வந்துக்கினே இருக்கோம்."

"ஏன்?"

"தள்ளாம எப்டிக் குந்திகினு வர்றது? பாக்கறவன் இன்னா சொல்லுவான், சாரு காருல ஓசில வர்றான்னு."

சாலையில் முதல் தடவையாகச் 'சார்' வந்துவிட்டது. நான் வற்புறுத்தினேன். சிரித்தான், நடந்தான். சில நாட்கள் அவர்கள் பக்கத்திலேயே முதல் கியரில் ஊர்ந்துகொண்டு ஜன்னல் வழியாகப் பேசிப் பார்த்தேன். இஞ்சின் கொதித்தது, பேச்சு சூடேறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் அந்த போல்ட்டைத் தளர்த்தலாமா என்று நின்றேன். அரை மணி நேரம் நின்றேன். சரியாக ஓடுகிற இஞ்சினைக் கெடுக்க மனசு வரவில்லை. இருபத்துமூன்று வயது. எது சரியாக ஓட வேண்டும் என்று தெரியாத வயது.

அடுத்த ஐப்பசியில் ஒரு கொட்டும் மழை நாள், ஏகாம்பரம் தனியாகத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். கதவைத் திறந்துவிட்டேன். மழைக்குப் பயந்து ஏறினான். முன்னால் அல்ல, பின் சீட்டில், ஓரத்தில். பீடியை வெளியே எடுக்கவில்லை. வாசலில் இறங்கும்போது சாக்கால் சீட்டைத் துடைத்துவிட்டு, "சீட்டு நனஞ்சி பூட்ச்சி சார்" என்றான். "பரவாயில்லை மாமே" என்றேன். அந்த வார்த்தையை என் வாயில் கேட்டதும் அவனுக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

பிறகு இருவரும் சைக்கிள் வாங்கிக்கொண்டார்கள். நான் அம்பத்தூரில் ஒரு பட்டறைக்கு மாறினேன். கோவில்பதாகைச் சாலையில் இப்போது காலையில் நடந்து வேலைக்குப் போகிறவர்களைத் தேடித்தான் பார்க்கவேண்டும். நடக்கிறவர்களின் காதிலும் ஏதோ அடைத்திருக்கிறது. வண்டி நின்றால் போன் செய்கிறார்கள். சீருடை போட்ட ஆள் வந்து, கையோடு கொண்டுவந்த பேட்டரிப் பெட்டியைத் தொடுத்து உயிர்கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போகிறான். என் வீட்டில் டம்ளர் மறுபடியும் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

யோசனை இதுதான். புது பேட்டரிக்குச் சொல்லியாகிவிட்டது. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவிவிட்டேன், இஞ்சின் கையால் சுற்றினால் சுற்றுகிறது. ஓடும் என்றே நம்புகிறேன். நேற்றுக் கடைக்குப் போய், இருப்பதிலேயே சின்ன டப்பாவாக ஒரு பச்சைப் பெயிண்டும் வாங்கிவந்தேன். நாளைக்கு அந்த எர்த் பட்டையைக் கழற்றி, அடியில் பிரைமர் ஒரு கை, பெயிண்ட் இரண்டு கை. காய ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு, பனி இறங்கியிருக்கும்போது, வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டார்ட்டரை இரண்டு தரம் இருமவிட்டு, சோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டாம் மாடிப் பையன் அந்த நேரத்தில்தான் காலை ஓட்டத்துக்குக் கிளம்புவான். என் வண்டி ஆட்டோமேட்டிக் இல்லை. தள்ளலாம்.