ஓஹையோ மாப்பிள்ளைக்குத் தெரியாத பறவை

ஓஹையோவின் மாநிலப் பறவை கார்டினல். மாநிலப் பானம் தக்காளிச் சாறு. மற்ற அமெரிக்க மாநிலக் கொடிகளெல்லாம் ஒழுங்காக நாலு மூலையோடு இருக்க, ஓஹையோ கொடிக்கு மட்டும் வாலைக் கத்தரித்துவிட்டது போல் ஐந்து முனை. இதெல்லாம் எனக்கு மூன்றாம் வகுப்பிலேயே அத்துப்படி. கர்நாடகத்தின் பறவை எது என்று கேட்டிருந்தால் காக்கை என்றிருப்பேன்.

கற்றுக்கொடுத்தவள் சித்தி, அம்மாவின் தங்கை. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு, சிவாஜிநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினாள். அந்த வேலை நிரந்தரமான மாதம் பார்த்து மாமா ஓஹையோ வரனைக் கொண்டுவந்தார். இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று சொல்லி, வீதிக்கு ஒரு பையனை அமெரிக்காவுக்கு ஏற்றிக்கொண்டிருந்த காலம்.

"வேலையை விட்டுட்டுப் போகணுமாண்ணா?" என்று சித்தி ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"அதிர்ஷ்டம் வந்து கதவத் தட்டுது, நீ பூகோளம் பூகோளம்ங்கறே" என்று மாமா முடித்துவிட்டார்.

அதற்கப்புறம் சித்தி அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து தடிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். "மாப்பிள்ளைகிட்ட நீ நல்லாப் பேசணும் இல்ல? எல்லாம் கேளு, வெக்கப்படாதே" என்றாள்.

பெண் பார்க்க சேலத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, லீவில் வந்திருந்த மாப்பிள்ளை மூவரும் வந்தார்கள். பஜ்ஜியும் கேசரிபாத்தும் உள்ளே போய், இரண்டு பக்கமும் சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்திருக்கும் நேரத்தில் நான் ஆரம்பித்தேன்.

"உங்க ஸ்டேட் பறவை என்னங்க?"

மாப்பிள்ளை முழித்தார். "கழுகா இருக்கும் பாப்பா." பூ? தெரியவில்லை. கொடி? "எல்லாக் கொடியும் ஒரே மாதிரிதானே." தக்காளிச் சாறு என்றதும் அவருக்குப் புரையேறிவிட்டது. நல்ல மனுஷன்தான், இப்போது நினைத்தாலும் ஐயோ பாவம் என்றிருக்கிறது.

மாமாவின் முகம் மாறியது. அமெரிக்கா என்று சொல்லிக்கொண்டு பம்பாயில் குடித்தனம் நடத்திய எவனோ ஒரு மாப்பிள்ளையின் கதையைக் கேட்டு அவர் ஏற்கெனவே பயந்துபோயிருந்தார். "தம்பி, அங்க எத்தனை வருஷமா இருக்கறதாச் சொன்னீங்க?" என்றார், மெதுவாகத்தான்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்தது. "உங்க ஸ்டேட் பறவை எது, நீங்க சொல்லுங்க பாப்போம்."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, "மரகதப்புறா" என்றார்.

"அது எங்களுது. நீங்க இருக்கறது கர்நாடகா."

"பொறந்து வளந்தது இங்கதான். ஆனா நாங்க தமிழ்நாடுங்க."

"அப்ப ரேஷன் கார்டு எந்த ஊர்ல வெச்சிருக்கீங்க?"

சமாதானம் செய்வதாக நினைத்து என் அப்பா நடுவில் புகுந்து, "மயிலுங்க" என்றார். இருவரும் அவரை ஒருசேர முறைத்தார்கள். எனக்குத் தலை சுற்றியது. நான் கேட்டது ஓஹையோவைப் பற்றி, இவர்கள் எதற்கு ரேஷன் கார்டுக்குச் சண்டை போடுகிறார்கள் என்று விளங்கவேயில்லை. உள்ளறை வாசலில் தலை குனிந்து நின்ற சித்தியைப் பார்த்தேன். பூகோள டீச்சர், ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். அவளோ வாயே திறக்கவில்லை.

"ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்" என்று எழுந்தார்கள். அப்படிச் சொன்னால் அவ்வளவுதான் என்பது பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் படியிறங்கியதும் அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அத்தனையும் சரியாகச் சொல்லியும் கிள்ளு எதற்கு என்று தெரியாமல் ஓவென்று அழுதேன்.

சித்தி பட்டுப்புடவையோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து, மிச்சக் கேசரிபாத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாவம், கல்யாணம் நின்றுபோயிற்றே என்று அவள் மடியில் போய் விழுந்தேன். என் கண்ணைத் துடைத்துவிட்டு எனக்கும் ஒரு வாய் ஊட்டினாள்.

"மாமா கையில டெக்சாஸ் ஒண்ணு இருக்காம்டி," என்றாள் காதோரம். "நாளைக்கே ஆரம்பிச்சுடலாமா?"

அமெரிக்கா போக சித்திக்குத்தான் எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.