உதை குறைந்த தோட்டா

அறுபத்து மூன்றோ அறுபத்து நான்கோ, வருஷம் சரியாக நினைவில்லை. சீனாக்காரனோடு சண்டை முடிந்து, பொதுஜனங்களும் துப்பாக்கி சுடப் பழக வேண்டும் என்று எங்கும் பேச்சாக இருந்த காலம். நான் தென்காசியில் ஒரு பம்புசெட் கடையில் வேலையில் இருந்தேன். பிள்ளைகளே, உங்கள் அம்மாவை நான் அப்போது பார்த்தது கூடக் கிடையாது. திருவேங்கடத்துப் பக்கம் எனக்கென்று இருந்த சொந்தங்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு, எட்டாம் வகுப்புப் படிப்போடு இங்கே வந்து சேர்ந்தவன் நான்.

வாரத்தில் ஆறு நாள் எப்படியோ ஓடிவிடும். கிணற்றுக்குள் இறங்குவேன், மோட்டாரைப் பூட்டுவேன், தோட்டத்துச் சம்சாரிகள் கொடுக்கும் மோரைக் குடித்துவிட்டு அடுத்த ஊருக்குச் சைக்கிளை மிதிப்பேன். ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய பாடு. அறையில் படுத்திருந்தால் எதிர்வீட்டில் கறிக்குழம்பு தாளிக்கிற வாசனை வரும். பேச ஆள் இருக்காது. காலையில் டீக்கடையில் ‘ஒரு டீ’ என்று சொன்னது தவிர ராத்திரி வரை வாயைத் திறக்காத ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு.

அந்த நாளில்தான் ஊரில் துப்பாக்கிக் கிளப் ஆரம்பித்தார்கள். செயலாளர் மரக்கடை வைத்திருந்தவர். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பழக்கிவிடுவதற்கு, பட்டாளத்தில் இருந்து திரும்பி பஸ் கம்பெனியில் செக்கராக இருந்த ஒருவர் வந்தார். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, மலையைப் பார்த்த ஒரு பொட்டலில் மண்மேடு எழுப்பி, அதன் முன்னால் அட்டைகளை நிறுத்தி, முன்னூறு கெஜம் தள்ளிப் படுத்துக்கொண்டு சுடுவோம். சுட்டு முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து இட்லி சாப்பிடுவோம். உண்மையைச் சொன்னால் நான் அந்த இட்லிக்காகத்தான் சேர்ந்தேன். இட்லிக்காக என்றால் இட்லிக்காக இல்லை. பக்கத்து இலையில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதற்காக.

துப்பாக்கி எப்படி உதைக்கும் என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குண்டு முன்னால் பாய்கிற பலத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிக்கும். குண்டு கனமாக, மருந்து அதிகமாக இருந்தால் உதையும் கூடும். கிளப்பில் எல்லாரும் சுட்டது த்ரீ நாட் த்ரீ. பட்டாளத்துத் துப்பாக்கி. தோளில் வைக்கிற அதன் கட்டையின் அடியில் பித்தளைத் தகடு அடித்திருக்கும். எனக்கோ சின்ன வயதில் வண்டியிலிருந்து விழுந்து வலது தோளின் காறை எலும்பு ஒடிந்து, கோணலாகக் கூடியிருந்தது. அந்தத் தகடு சரியாக அங்கே வந்துதான் உட்காரும். ஒவ்வொரு வெடிக்கும் பல்லைக் கடித்துக்கொள்வேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

சாரல் காலம் தொடங்கியபோது ஒருநாள் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனேன். அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் என் சட்டையைக் கழற்றச் சொன்னார். தோளைப் பார்த்ததும் எண்ணெய்க் கையோடு நின்றுவிட்டார். நாவல்பழத்தை நசுக்கி அப்பினாற்போல் இருந்தது.

“என்ன வே இது? உதைச்சது கழுதையா, பொண்டாட்டியா?”

“எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை” என்றேன்.

“அப்போ கழுதைதான். கழுதைக்குப் பின்னால போய் எவனாச்சும் நிப்பானா?”

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அருவிக்குக் கீழே போய் நின்றபோது தண்ணீர் அந்தத் தோளில் விழுந்த வலியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அருவியில் நிற்கிறவன் அழுதால் யாருக்குத் தெரியும்? அது ஒரு வசதி.

மரக்கடை அண்ணாச்சி எப்படியோ கண்டுகொண்டார். நான் துப்பாக்கியைத் தோளில் வைக்கிற விதத்திலேயே தெரிந்துவிட்டதாம். அவரிடம் அவருடைய அப்பா காலத்துத் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதற்கு டூ செவன்டி ஃபைவ் தோட்டா போட வேண்டும். குண்டு மெலிசாக, நீளமாக இருக்கும். துப்பாக்கியும் நல்ல கனம். கட்டைக்கு அடியில் ரப்பர் வைத்துத் தைத்தாற்போல் பொருத்தியிருந்தார்கள். “இதைச் சுட்டுப் பாரும் வே. உதை கம்மி. காத்துக்கும் அசையாமப் போவும்” என்றார். சிறுவர்கள் சுடுகிற டூ டூ தோட்டாவில் உதையே கிடையாது. ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்றில், முன்னூறு கெஜத்துக்கு அதன் குண்டு எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அண்ணாச்சியின் தோட்டா அப்படி இல்லை. தூரமும் போகும், தோளையும் பிடுங்காது.

நான் கையை நீட்டுவதற்குள் செக்கர் குறுக்கே வந்தார்.

“அது மாப்பிள்ளைத் துப்பாக்கில்லா? சுட்டா கன்னத்தைத் தடவிக் குடுக்கும். உதைக்காத துப்பாக்கியும் ஒரு துப்பாக்கியா வே?”

வட்டமாக நின்றவர்கள் சிரித்தார்கள். நான் நீட்டின கையால் தலையைச் சொறிந்துகொண்டு, “எனக்கு த்ரீ நாட் த்ரீயே பழகிட்டு அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டேன்.

அதற்குக் கொஞ்ச நாளில் ஒரு சேதி வந்தது. மெட்ராஸில் கிளப்புகளுக்குள் போட்டி. எங்கள் கிளப்பிலிருந்தும் ஒரு குழு போகலாம். ஆனால் த்ரீ நாட் த்ரீ சுடுகிறவர்கள் மட்டும்தான் கலந்துகொள்ளலாம் என்று விதி. சேர்ந்து ரயிலில் போவது, ஒரே அறையில் தங்குவது, கடற்கரையைப் பார்ப்பது என்று ஆளுக்கு ஆள் கனவு கண்டார்கள். நானும் கண்டேன். பெட்டியில் எதிர்எதிராக உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பதுவரை என் கனவில் வந்துவிட்டது.

குழுவுக்கு ஆளெடுத்த ஞாயிற்றுக்கிழமை என் முறை வந்தது. குப்புறப் படுத்தேன். செக்கரே தோட்டாவை எடுத்துப் போட்டுக் கொடுத்தார். கறுப்பு வட்டத்தைப் பார்த்துக் குறி வைத்து விசையை அழுத்தினேன். வெடிக்கவில்லை. ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. ஆனால் என் தோள் பின்னால் துள்ளியது, துப்பாக்கியின் மூக்கு மண்ணைப் பார்த்துக் கவிழ்ந்தது, என் கண்கள் இறுக்கி மூடிக்கொண்டன. மருந்தில்லாத தோட்டாவை எனக்குத் தெரியாமல் போட்டிருந்தார். உதை வருவதற்கு முன்பே பயந்து ஒடுங்குகிறவனைக் கண்டுபிடிக்கப் பட்டாளத்தில் இதுதான் வழியாம்.

பின்னால் ஒரு பெரிய சிரிப்பு எழுந்தது. செக்கர் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்.

“எத்தனை நாளா வே இப்படிக் கண்ணை மூடிக்கிட்டுச் சுடுதீரு?”

யோசித்துப் பார்த்தால், அந்தக் கிளப்பில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு குண்டு கிளம்புகிற நேரத்தை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. அட்டையில் பட்டதெல்லாம் குருட்டு அதிர்ஷ்டம்.

அண்ணாச்சி தன் துப்பாக்கியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இந்தத் தடவை நான் யார் முகத்தையும் பார்க்காமல் எடுத்துக்கொண்டேன். அழுத்தினேன். வெடித்தது. தோளில் ஒரு தள்ளு, அவ்வளவுதான். தெரிந்த ஆள் ஒருவர் ‘கொஞ்சம் நகரும்’ என்று தோளால் இடிப்பாரே, அந்த மாதிரி. அந்த நேரம் என் கண் திறந்திருந்தது. அட்டைக்குப் பின்னால் மேட்டிலிருந்து மண் தெறித்ததைக் கண்டேன். அதற்கு மேலே மலையும் மேகமும் அப்படியே இருந்தன. இத்தனை நாள் எதை எதை எல்லாம் பார்க்காமல் இருந்திருக்கிறேன் என்று தோன்றியது.

செக்கர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டையும் மாத்தி மாத்திச் சுட்டீருன்னா கை கெட்டுப் போவும். இனிமேப்பட்டு அதா இதான்னு நீரே சொல்லும். பல்லைக் கடிச்சிக்கிட்டுப் பழகினீருன்னா மெட்ராஸ் வண்டியில உமக்கும் இடம் போட்டுருதேன்.”

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பல்லைக் கடிக்க எனக்குத் தெரியாதா? அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் ரயிலில் எனக்கு இடம் உண்டு. ஆனால் அந்த மண் தெறித்தது கண்ணிலேயே நின்றது.

“இது போதும்” என்று அண்ணாச்சியின் துப்பாக்கியைக் காட்டினேன்.

“உம்ம இஷ்டம்” என்றார் செக்கர். அவர் குரலில் கேலி இல்லை. கேலி செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவர்கள் கிளம்பின சாயங்காலம் நான் ஸ்டேஷனுக்குப் போனேன். ஒருவருடைய படுக்கையைத் தூக்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வண்டி நகர்ந்ததும் சத்தம்போட்டுக் கையை ஆட்டினார்கள். பிளாட்பாரத்தில் நானும் போர்ட்டரும்தான் மிச்சம்.

அடுத்த நாள் ஞாயிறு. அறையில் இருக்க முடியவில்லை. அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். லைசென்ஸ்காரர் இல்லாமல் துப்பாக்கியைக் கொடுக்கக் கூடாது என்பதால் அவரே காரை எடுத்துக்கொண்டு பொட்டலுக்கு வந்தார். சுட்டுச் சுட்டு அவருக்குக் காது மந்தம். “நீரு சுடும், நான் இங்கன கண்ணை மூடுதேன்” என்று பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு காரிலேயே தூங்கிவிட்டார். நான் பாதையோரத்தில் வழக்கம்போல் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வந்து படுத்தேன்.

சாரல் லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. காற்று இடது பக்கமிருந்து வந்தது. புல் எவ்வளவு சாய்கிறது என்று பார்த்துக் குறியைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அவசரமே இல்லை. என் முறைக்குக் காத்திருக்க யாருமில்லை, சீக்கிரம் என்று சொல்லவும் யாருமில்லை. அண்ணாச்சி கொடுத்த ஒரு கைப்பிடித் தோட்டாவையும் கண் திறந்தபடியே சுட்டு முடித்தேன். மற்ற நாளில் மேட்டுக்குப் பக்கத்துக் குழியில் ஒருவர் இருந்து, எங்கே பட்டது என்று கம்பால் காட்டுவார். அன்று நானேதான் நடந்துபோய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

பார்த்தேன். கறுப்பு வட்டத்துக்குள் எல்லாத் துளைகளும் நெருக்கமாக விழுந்திருந்தன. என் உள்ளங்கையை வைத்தேன், மொத்தமும் மறைந்துவிட்டது. ‘ஏ!’ என்று கத்திவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். பொட்டல் முழுக்க ஒரு ஆள் இல்லை. தூரத்தில் கார், அதற்குள் பேப்பர். அன்றைக்கு அந்த அட்டைக்கு முன்னால் நின்றது போலத் தனியாக நான் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

“முடிஞ்சிட்டா தம்பி? இனிப் போலாமா?”

பெண்குரல். மேட்டுக்கு அந்தப் பக்கம், வண்டிப்பாதையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் நின்றிருந்தார். காலடியில் பெரிய புல்லுக்கட்டு. சேலையெல்லாம் நனைந்திருந்தது. சிவப்புத் துணியைப் பார்த்ததும் கட்டை இறக்கி வைத்துவிட்டு, வெடிச் சத்தம் ஓயட்டும் என்று அவ்வளவு நேரமும் அங்கேயே நின்றிருக்கிறார். மற்ற ஞாயிறுகளில் நடுநடுவே நிறுத்தி ஆட்களை அந்தப் பக்கம் அனுப்புவது யாராவது ஒருவர் வேலை. அன்று அது என் புத்திக்கே வரவில்லை.

“ரொம்ப நேரமா நிக்கீங்களா? ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே” என்றேன்.

“நீங்க பாட்டுக்கு ஒரு நெனப்பா சுட்டுக்கிட்டிருந்திய. எதுக்குக் கெடுக்கணும்னு நின்னுட்டேன்” என்றார். பிறகு அட்டைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். “அங்கன இருந்தா இங்கன சுட்டிய? ஆத்தாடி! எல்லாம் ஒரே இடத்துலல்லா விழுந்திருக்கு!”

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

“சரி, இந்தக் கட்டை ஒரு கை பிடிச்சித் தூக்கி விடுங்க. மாடு கத்திக்கிட்டுக் கெடக்கும்.”

அந்தக் கட்டைத் தனியாளால் தலைக்கு ஏற்ற முடியாது. குனிந்து ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி அவர் தலையில் வைத்தேன். ஈரப்புல்லின் கனத்தில் தோள் சுள்ளென்றது. அவர் கழுத்தை நேராக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் மேலகரம் பக்கமாக நடந்து போனார். பெயர் கேட்கவில்லை. பிறகு எந்த ஞாயிறும் அவரைப் பார்க்கவும் இல்லை.

காருக்குப் போனபோது அண்ணாச்சி பேப்பரை விலக்கி, “ஏறும் வே, பசிக்கி” என்றார். அட்டையை அவர் கேட்கவில்லை. மெட்ராஸ் போனவர்கள் தோற்றுத்தான் திரும்பி வந்தார்கள். ஆனாலும் வெகு நாளைக்கு அவர்கள் பேச்செல்லாம் ரயிலும் கடலுமாக இருந்தது. நான் பக்கத்து இலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளே, உங்கள் உடம்புக்கும் மனதுக்கும் பொருந்துகிறதை நீங்கள் தேர்ந்தெடுத்தால், மற்றவர்கள் ஏறுகிற வண்டியில் உங்களுக்கு இடம் இல்லாமல் போகலாம். அந்தத் துக்கம் லேசானது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யாருமில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்தப் பொட்டலில், ஒரு மனுஷி மழையில் நனைந்தபடி என் நினைப்பைக் கெடுக்காமல் காத்து நின்றதை எண்ணும்போதெல்லாம், இன்றைக்கும் என் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.